சித்தன்னவாசல்: ஏழடிப்பட்டத்துல யாரோட பேரு இருக்கு?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், சித்தன்னவாசல். அறிவர் கோயிலோட தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்துட்டுத் திரும்பிடுறவங்கதான் அதிகம். அதே குன்றுல இருக்கிற ஏழடிப்பட்டத்துக்கும் ஏறுங்க.

செங்குத்தான பாறையோட ஓரத்துல கால் வைக்க ஏழு குழி வெட்டியிருக்காங்க. தாண்டினா இயற்கையான குகை. உள்ளே சமணத் துறவிகளோட 17 கல் படுக்கைகள், தலையணை மேட்டோட.

பெரிய படுக்கையில சுமார் 2000 வருஷப் பழைய தமிழி எழுத்து இருக்கு. காவுடி ஈதனுக்காக இளையர் செஞ்சுகொடுத்த இருக்கைன்னு அது சொல்லுது. இன்னொருத்தருக்காக ஒண்ணு செஞ்சதாலதான் அந்தப் பேரு அங்க இருக்கு.

சாவியால நம்ம பேரைக் கிறுக்கினா, அந்த எழுத்துதான் அழியும். போட்டோ எடுங்க, பாறையைத் தொடாதீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க, தண்ணி மறக்காதீங்க.