மேடையிற் பிறந்த இசைத்தட்டு

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுவதை நேயர்கள் அறிவீர்கள். அந்நாட்களிற் பக்கீர் பாவாக்கள் றபான் கொட்டிப் பைத் பாடுவதையும் கேட்டிருப்பீர்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் அதனை வாங்கிப் பாடுவர். வேற்றூரிலிருந்து வந்த பாவா ஒருவர் இடையிலே றபானும் கையுமாக வந்தமர்ந்தால் பாட்டு நின்றுவிடுவதில்லை. அவருக்கு இடமளித்து இன்னுஞ் சற்று நீளும். எவ்வளவு நீளும், எந்தப் பக்கந் திரும்பும் என்பது பாடுவோருக்கே முன்கூட்டித் தெரியாது. அத்தகைய ஒரு சபையை மறுநாளும் கேட்க விரும்புவோர் என் செய்வது? மேடையில் நிகழ்ந்த இசையை மேடையிலேயே ஒலிப்பதிவு செய்து தட்டாக வெளியிடும் வழக்கம், இருபதாம் நூற்றாண்டு இவ்வினாவுக்கு அளித்த விடைகளுள் ஒன்றாகும். அவ்வழக்கத்தில் உருவானதும், தமிழர் பலரின் கைவண்ணங் கொண்டதுமான ஓர் இறுவட்டின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைத்தட்டுத் தயாரிப்பது சிற்பி சிலை செதுக்குவதை ஒத்தது. பிசகிய இடத்தை மீண்டும் வாசிக்கலாம். பாடகர் இன்று பாட, வாத்தியக்காரர் நாளை வாசிக்க, இரண்டையும் பின்னர் ஒன்றுசேர்க்கலாம். மேடையில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் ஒலிவாங்கி வைத்து, அதனதன் ஒலியைத் தனித்தனித் தடத்திற் பதிந்துகொள்வர் என்பது உண்மையே. ஆயினும் மிருதங்கத்தின் முழக்கம் அருகிலுள்ள வயலினின் ஒலிவாங்கியிலும் புகுந்துவிடும். சபையோரின் இருமலும் கைதட்டலும் எல்லாவற்றிலும் புகும். இக்குறையையே நிறைவாகக் கண்டவர்கள் மேல்நாட்டு ராக் இசையாளர்கள். ஊரூராகச் சுற்றுப்பயணஞ் செய்து, இடையிடையே நண்பர்களை விருந்தினராக மேடைக்கு அழைத்து, அவ்விரவையே இசைத்தட்டாக வெளியிடுவது 1970களில் அவர்களிடையே பெருவழக்காயிற்று.

இவ்வகைத் தட்டுக்களுள் இந்திய இசைக்கும் பங்களித்த ஒன்று, 1971 ஆகஸ்ட் 1ஆந் திகதி நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கிற் பதிவாயிற்று. கிழக்கு வங்க அகதிகளுக்கு நிதி திரட்ட ஜோர்ஜ் ஹரிசன் நடத்திய நிகழ்ச்சி அது. பண்டித ரவிசங்கர், அலி அக்பர்கான், அல்லா ரக்கா ஆகியோர் முதலில் மேடையேறினர். அவர்கள் சுருதி கூட்டி முடித்ததும், அதுவே கச்சேரியின் முதல் உருப்படி என எண்ணிச் சபையோர் ஆரவாரித்துக் கைதட்டினர். சுருதி கூட்டுவதையே இவ்வளவு இரசித்தவர்கள் வாசிப்பை இன்னும் இரசிப்பார்கள் என நம்புவதாக ரவிசங்கர் மறுமொழி கூறினார். அந்தக் கைதட்டல் இன்றும் அவ்விசைத்தட்டில் இருக்கிறது. கூடத்திற் பதிவு செய்திருந்தால் அது கத்தரிக்கப்பட்டிருக்கும். இரு நாகரிகங்கள் ஒன்றையொன்று சந்தித்த தடுமாற்றமும் உடன் மறைந்திருக்கும்.

அக்காலத்தில் ராக் இசையின் வேகத்தையும் ஜாஸ் இசையின் கற்பனையையும் இணைத்துப் பெயர் பெற்றவர் ஜோன் மக்லாக்லின். 1942இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிற் பிறந்த இவர், 1971இல் அமெரிக்காவில் ‘மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா’ என்ற குழுவை அமைத்தார். மின்கிற்றாரும் பெருமுரசுகளும் காதைப் பிளக்கும் குழு அது. அத்தகையவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் போதித்த இசையறிஞர் எஸ். இராமநாதனிடம் வீணை பயிலச் சென்றார். புகழின் உச்சியில் நின்ற ஒருவர் மாணவனாக அமர்வது எளிதான செயலன்று. வீணையிற் கேட்ட கமகங்களைக் கிற்றாரில் எழுப்ப விரும்பி, மெட்டுக்களுக்கிடையே பலகை குழிவாகக் குடையப்பட்டதும், ஒத்ததிரும் தந்திகள் ஏழு குறுக்கே பூட்டப்பட்டதுமான தனிக் கிற்றார் ஒன்றையும் அவர் செய்வித்துக்கொண்டார்.

அவருடன் இணைந்த வயலின் வித்துவான் எல். சங்கரின் கதை இலங்கையரை நெருங்கித் தொடுவது. சங்கர் 1950இற் சென்னையிற் பிறந்தவர், வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தந்தையார் வி. லட்சுமிநாராயணா அங்கே இசையாசிரியராக விளங்கினார். அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் பின்னாளிற் பெயர் பெற்றவர்களே. 1958ஆம் ஆண்டின் இனக்கலவரம் அக்குடும்பத்தை மீண்டும் சென்னைக்கு விரட்டியது. எட்டு வயதில் ஊரிழந்த சிறுவனின் வில், பதினேழு ஆண்டுகளின் பின் நியூயோர்க் அருகே மக்லாக்லினின் கிற்றாரோடு உரையாடியது. கலவரத்தின் கணக்கை எழுதுவோர் எரிந்த வீடுகளை எண்ணுவர்; புறப்பட்டுப் போன இசையை எண்ணுவோர் இலர்.

1975 ஜூலை 5ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த அந்தக் கச்சேரியே ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. தபேலாவில் சாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். உருப்படிகள் மூன்றே. அவற்றுள் ஒன்று அரை மணி நேரத்தை அணுகுவது. மின்சார முழக்கத்தை எதிர்பார்த்து வந்த இளைஞர் முன், ஐவர் சம்மணமிட்டமர்ந்து மண்பானையும் மரமும் தோலுங் கொண்டு அதே வேகத்தை எழுப்பினர். பின்னர் வந்த இரு தட்டுக்கள் கூடத்திற் பதிவானவை; அவற்றில் ஒழுங்கு மிகுதி எனினும், முதல் தட்டின் துணிவு அவற்றில் இல்லை என்றே கூறவேண்டும். 1970களின் இறுதியில் குழு கலைந்தது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1997இல், ‘சக்தியை நினைவிற்கொள்’ என்று பொருள்படும் பெயருடன் அது மீண்டும் புறப்பட்டது. முதலிற் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா உடனிருந்தார். அதன்பின் விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மைந்தர் செல்வகணேஷும், வயலினின் இடத்துக்கு மேண்டலின் யூ. சிறீனிவாஸும் வந்தனர். ஆந்திரத்துப் பாலகொல்லுவிற் பிறந்து சென்னையில் வாழ்ந்த சிறீனிவாஸ், ஐந்து தந்திகள் கொண்ட சிறு மின்மேண்டலினிற் கருநாடக இசையைக் குழந்தைப் பருவத்திலேயே வாசித்து முதியோரை வியப்பில் ஆழ்த்தியவர்.

இந்நால்வரும் உலகெங்கும் பயணஞ் செய்துகொண்டிருந்த காலத்தில், 2000 டிசம்பர் 8ஆம் 9ஆந் திகதிகளிற் சாகிர் உசேன் பிறந்து வளர்ந்த நகரத்தில் மேடையேறினர். அங்கே பதிவானதே 2001இல் வெளிவந்த ‘பம்பாயிற் சனிக்கிழமை இரவு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட இறுவட்டு. நகரத்தின் பெயர் 1995இலேயே மும்பை என மாறிவிட்டது. தட்டின் முகப்பு பழைய பெயரையே வைத்துக்கொண்டது. அவ்வாண்டு பெப்ரவரி 3ஆந் திகதி சாகிரின் தந்தையார் அல்லா ரக்கா காலமாகியிருந்தார். நியூயோர்க்கின் கைதட்டலைக் கேட்ட அதே அல்லா ரக்காவே அவர்.

இம்முறை நால்வர் மட்டுமல்லர். சந்தூர் மேதை சிவகுமார் சர்மா வந்தார். தேபாஷிஷ் பட்டாச்சார்யா கிற்றாரை மடியிற் கிடத்தி, மெட்டுத் தொடாது உருக்குக்கோலால் வழுக்கி வாசித்தார். பவானி சங்கர் பக்கவாஜும் டோலக்கும் வாசிக்க, ரோஷன் அலி, அஜீஸ் என்போரும் டோலக்குடன் அமர்ந்தனர். சாகிரின் இளவல் தௌபீக் குரேஷியும் தாளவாத்தியங்களோடு சேர்ந்துகொண்டார். மும்பையில் வளர்ந்த சங்கர் மகாதேவன் பாடினார். சென்னையிலிருந்து சிவமணி வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஏ. கே. பழனிவேல் தவிலோடு வந்தார்.

தவில் திறந்தவெளிக்குரிய கருவி. கோவில் வீதியில் நாதஸ்வரத்தோடு போட்டியிட்டு முழங்குவதற்கென்றே பிறந்தது. சந்தூரோ காஷ்மீரத்துச் சபைக்கருவி. ஏறத்தாழ நூறு தந்திகளை இரு மென்கோல்களால் தொட்டெழுப்புவது. கோல் சற்று அழுந்தினாலும் நாதங் கெடும். இவ்விரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்து ஒரே தட்டிற் பதிவு செய்பவரின் இடர்ப்பாடு எளிதிற் புரியும். ஒலிப்பதிவாளரின் திறமையாற் பாதி தீர்ந்தது. மறுபாதியைத் தீர்த்தவர்கள் வித்துவான்களே. பிறர் பேசும்போது தாம் அடங்கத் தெரிந்திருந்தனர். விருந்தினர் நிறைந்த மேடைகளில் ஒவ்வொருவரும் தம்மைக் காட்ட முந்தி, இசை இரைச்சலாக முடிவதே பெரும்பாலும் நிகழ்வது. அத்தகைய தட்டுக்கள் ராக் இசையுலகில் ஏராளம். இவ்விறுவட்டிலும் தாளவாத்தியங்கள் ஒருங்கே எழும் இடங்களிற் சற்று மிகை உண்டு. ஆயினும் நான்கே உருப்படிகள் கொண்ட இதில், சந்தூருக்கென அமைந்த ‘சிருங்கார்’ 25 நிமிடங்களுக்கு மேல் அவசரமின்றி நடைபயில்கிறது. தியாகராஜரின் பங்காள இராகக் கிருதியொன்றை அடியொற்றிய உருப்படியிற் சங்கர் மகாதேவனின் குரலும் மேண்டலினும் ஒன்றையொன்று துரத்துவது வேறொரு சுவை.

இங்கே கிழக்குக் கரையின் செவிக்கு அணுக்கமான ஒன்று உண்டு. அதுவே செல்வகணேஷின் கஞ்சிரா. பலாமர வளையம், ஒருபக்கம் மட்டும் தோல், வளையத்தின் பிளவிற் சில நாணயங்கள். உள்ளங்கையளவினும் சற்றே பெரிதான இக்கருவியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அதற்குமுன் அது பஜனை பாடுவோரின் கைக்கருவி. நோன்பு இரவுகளிற் சஹருக்கு எழுப்பிச் செல்லும் பாவாவின் கையிலுள்ள றபானும் ஒற்றைத்தோல் வளையமே. அளவிற் பெரிது, விரலாட்டம் வேறு, குடும்பம் ஒன்று. ஒன்று உலக அரங்கிற் பதிவாயிற்று; மற்றது வீதியோடு போயிற்று.

வினாவும் விடையுமாக வாத்தியங்கள் உரையாடுவதும் இக்கரைக்குப் புதிதன்று. வயற்காவலில் ஒரு பரணிலிருந்து கவி எழும். மறுபரணிலிருந்து எதிர்க்கவி வரும். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் இப்பகுதி நாட்டுப்பாடல்கள் இடம்பெற்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளை அரிதின் முயன்று திரட்டி அச்சேற்றினார். அவர்கள் செய்தது பெரும்பணி. அச்சிற் சொற்கள் நின்றன. இழுவையும், இடைநிறுத்தமும், எதிர்ப்பரணிலிருந்து குரல் வருமுன் நிலவும் மௌனமும் அச்சுக்கு அடங்குவன அல்ல. மும்பைக் கச்சேரி நிகழ்ந்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது, இலங்கையில் எம்மாவட்டத்தையும் விட அதிக உயிர்களை அம்பாறை இழந்தது; மாண்டோர் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையோரங்களில் அன்று போன மூதாட்டியரோடு எத்தனை தாலாட்டுக்கள் போயின என்பதை எந்தப் பதிவேடும் கூறாது.

மும்பையில் ஒலித்த கைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மேண்டலின் சிறீனிவாஸ் 2014 செப்ரெம்பர் 19ஆந் திகதி, நாற்பத்தைந்தே வயதில் மறைந்தார். சிவகுமார் சர்மா 2022 மே 10ஆந் திகதி காலமானார். ‘சக்தி’ என்ற பழைய பெயரிலேயே 2023இல் வெளிவந்த புதிய இசைத்தொகுப்பு, 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் கிராமி விருது பெற்றது. சங்கர் மகாதேவன் அப்போது விருந்தினரல்லர், குழுவில் ஒருவர். கணேஷ் ராஜகோபாலன் வந்து, வயலின் மீண்டும் தன் இடத்தைப் பெற்றிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆந் திகதி சாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் உயிர்நீத்தார்.

அவரும் சிவகுமார் சர்மாவும் அருகருகே அமர்ந்த அந்த இரவு, ‘சிருங்கார்’ உருப்படியில் இருக்கிறது. கோல்கள் மெலிந்து தந்தியைத் தொடும்போது, தபேலா குரலைத் தாழ்த்திக்கொண்டு அவற்றின் பின்னே செல்கிறது.