புதுவைக் கடற்பாலமும் சலங்குக்காரரும்

திருவண்ணாமலைக்குக் கடல் இல்லை. ஆயினும் அவ்வட்டாரத்து மண்ணில் விளைந்த மணிலாக்கொட்டைக்குக் கடல்வாயில் ஒன்று இருந்தது. ஊரார் மல்லாட்டை என்றழைக்கும் அப்பொருள், தென்னார்க்காட்டுச் சீமையெங்குமிருந்து வண்டியிலும் பின்னர் இரயிலிலும் புதுவைக்குப் போய், அங்கிருந்து பிரான்சின் மார்சேல் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளைச் சென்றடைந்தது. அவ்வாயிலைக் காணவேண்டுமென்னும் ஆவலில், செஞ்சி, திண்டிவனம் வழியாக நாம் அண்மையில் புதுவை சென்றிருந்தோம்.

காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துவரப்பட்டவை. வழியில் நாம் கண்டுவந்த கோட்டையின் ஒரு பகுதி நமக்கு முன்பே கடற்கரை வந்து சேர்ந்துவிட்டது போலும்! அவ்விடத்திலிருந்துதான் 1866-இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. 1952-ஆம் ஆண்டுப் புயல் அதனை அழித்தது. தெற்கே வம்பாகீரப்பாளையத்தருகே 1962-இல் எழுந்த பாலமும் 2022 மார்ச்சு மாதத்தில் ஒரு பகுதி இடிந்து கடலில் சாய்ந்தது.

பாலங்களைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. சலங்குகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. புதுவையில் கப்பல் கரையணைய இடமில்லை. அது தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே ஓயாமல் புரண்டு விழும் அலைகள். ஆணியடித்த ஐரோப்பியப் படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். நம் மீனவர் பலகைகளைக் கயிற்றுக் கயிற்றால் பிணைத்துத் தைத்த சலங்கோ, அடி விழும்போது வளைந்துகொடுக்கும். பிரெஞ்சுக்காரர் அச்சொல்லையே தம் மொழியில் ‘ஷெலேங்க்’ என எடுத்துக்கொண்டனர். ஆளுநரும் வணிகரும் மூட்டைகளும் இந்த மீனவர்தம் தோள்வலிமையால்தான் கரை கண்டனர். பாலம் வந்தபின் சலங்கின் வேலை மாறிற்றேயன்றி ஒழியவில்லை. பாலத்துக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு அப்போதும் அவர்கள் கையிலேயே இருந்தது.

இது நம் குடும்பங்களின் வரலாறுமாகும். புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் பலர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்கு வாணிபம் நாடிச் சென்றனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குரிய இடமாக விளங்குகிறது. வீட்டாரிடம் சலாம் சொல்லிப் புதுவையில் கப்பலேறிய அம்மனிதர்கள், தாய்மண்ணைவிட்டு முதலில் காலெடுத்து வைத்தது கப்பலில் அன்று. மீனவர் செலுத்திய படகில்.

மாலையில் வடக்கே வைத்திக்குப்பம் சென்றோம். வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மைக் கண்டதும், “வாங்க பாய், உக்காருங்க” என்று இடம் ஒதுக்கினார். பாலத்தைப் பற்றிக் கேட்டோம். “பாலத்தால எங்களுக்குக் கெடுதல் இல்லீங்க பாய். காலுக்கு நடுவுல தண்ணியும் போகும், மணலும் போகும். கல்லு போட்டாங்களே, அதுதான் எங்க கரையைத் தின்னுடுச்சு” என்றார்.

அவர் கூறியது அறிவியலுக்கு ஒத்ததே. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1989-இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட கல் அலைத்தடுப்புகள் அம்மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கடற்கரை கரைந்தது. எஞ்சிய கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினர். பாறைமேல் கட்டுமரத்தை ஏற்ற முடியாது, வலையை விரிக்கவும் முடியாது. நகரவாசிக்கு அது உலாவும் இடத்தின் இழப்பு. மீனவனுக்கோ தொழிற்களமே போயிற்று. 2018-இல் கடலடியில் அமைத்த செயற்கைத் திட்டால் நகரின் முன்னே ஓரளவு மணல் திரும்பியுள்ளது. பயணிகள் அதில் கால் நனைத்து மகிழ்வதை நாமும் கண்டோம்.

“அங்க வந்த மணலு இங்க எப்ப வருங்க?” என்று முதியவர் கேட்டார். நம்மிடம் விடையில்லை. மஃரிபுக்கு நேரமாகவே எழுந்தோம். பாறைகளுக்கு நடுவே கிடைத்த சிறு இடைவெளியில் நால்வர் ஒரு படகை மேலே இழுத்துக்கொண்டிருந்தனர். அவரும் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுக்கப் போனார்.