கைத்திரை இசை: செயலிவழி இசையாக்கத்தின் வரலாறு

கைபேசி, பலகைக் கணினி போன்ற சிறிய தொடுதிரைக் கருவிகளில் இயங்கும் செயலிகளைக் கொண்டு இசை வாசிப்பது, இசையமைப்பது, பாடல் பதிவுசெய்வது ஆகியவற்றைக் கைத்திரை இசை எனலாம். 2008-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்ட பிறகு இது பரவலானது. முதலில் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட இத்துறை, பத்தே ஆண்டுகளில் தொழில்முறை இசைப்பதிவு வரை வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் இரண்டு கேள்விகள் தொடர்ந்து எழுந்தன. விரல் பட்டதும் ஒலி எவ்வளவு விரைவில் எழும்? அக்கருவி எவ்வளவு காலம் நிலைக்கும்? முதல் கேள்விக்குப் பொறியாளர்கள் பெருமளவு விடை கண்டுவிட்டனர். இரண்டாவது கேள்வி இன்றும் தீரவில்லை.

முன்னோடிகள்

கையடக்கக் கருவியில் இசையமைக்கும் வழக்கம் தொடுதிரைக்கும் முந்தியது. நின்டெண்டோவின் கேம்பாய் விளையாட்டுக் கருவிக்காக 1998-இல் ஆலிவர் விட்சோ உருவாக்கிய நானோலூப், அதன்பின் யோஹான் கோட்லின்ஸ்கி உருவாக்கிய லிட்டில் சவுண்ட் டி.ஜே. ஆகியவை பொத்தான்களை அழுத்தியே இசையமைக்க உதவின. பாம் வகைக் கைக்கணினிகள் எழுதுகோலால் தொட்டு இயக்கப்பட்டவை. அவற்றில் 2000-களில் பாஜிஸ் லூப்ஸ் போன்ற இசை மென்பொருள்கள் இயங்கின.

2004-இல் வெளியான நின்டெண்டோ டி.எஸ். தொடுதிரையைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டு சேர்த்தது. ஜப்பானிய ஊடகக் கலைஞர் தோஷியோ இவாய் இக்கருவிக்காக உருவாக்கிய எலக்ட்ரோபிளாங்டன் 2005-இல் வெளிவந்தது. திரையில் நீந்தும் நுண்ணுயிர்களைத் தொட்டும் நகர்த்தியும் ஒலி எழுப்ப வேண்டும். அதில் வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. எழுந்த இசையைச் சேமிக்கும் வசதியும் அதில் இல்லை. வாசித்து முடித்ததும் இசை மறைந்துவிடும். இவாய் பின்னர் யமஹா நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய டெனோரி-ஆன் என்னும் ஒளிப்பொத்தான் இசைக்கருவி 2007-இல் விற்பனைக்கு வந்தது.

2008-இல் வெளியான கோர்க் டி.எஸ்-10, விளையாட்டிலிருந்து கருவியை நோக்கி வைக்கப்பட்ட தெளிவான அடி ஆகும். கோர்க் நிறுவனத்தின் 1978-ஆம் ஆண்டு எம்.எஸ்-10 சிந்தசைசரை இது மாதிரியாகக் கொண்டது. இரண்டு சிந்தசைசர்களும் நான்கு தாள ஒலிகளும் ஒரே விளையாட்டு அட்டைக்குள் அடங்கின. ஆயினும் அத்திரை ஒரு நேரத்தில் ஒரு தொடுகையை மட்டுமே அறிந்தது. இரு விரல்களால் இரு சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்ய இயலவில்லை.

2008: கைபேசி கருவியாகிறது

2007 ஜூனில் வெளியான ஐபோனின் திரை பல விரல்களின் தொடுகையை ஒருங்கே உணர்ந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கைபேசி இசைக்குழு ஒன்று தொடங்கப்பட்டது. அக்குழுவினர் முதலில் பயன்படுத்தியது நோக்கியா என்95 கைபேசிகளை. குழுவை உருவாக்கியவர்களுள் ஒருவரான கெ வாங், 2008-இல் ஸ்மியூல் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஆனார்.

2008 ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்மியூலின் ஒக்கரினா வெளியானது. ஒக்கரினா என்பது சுடுமண்ணால் செய்யப்படும் பழைய ஊதுகருவி. செயலியில் அதன் நான்கு துளைகள் திரையில் தோன்றின. ஒலிவாங்கியில் ஊத வேண்டும், விரல்களால் துளைகளை மூட வேண்டும், கைபேசியைச் சாய்த்தால் ஒலி அதிரும். பேச்சுக்கென வைத்த ஒலிவாங்கி மூச்சை அளக்கும் வாயாகவும், திரை சுழலும்போது பயன்படும் சாய்வு உணரி அசைவை அளக்கும் கையாகவும் மாறின. உலகின் வேறெங்கோ ஒருவர் அதே செயலியில் வாசிப்பதை உலக வரைபடத்தில் கேட்கவும் முடிந்தது.

அதே ஆண்டு பிரையன் ஈனோவும் பீட்டர் சில்வர்ஸும் உருவாக்கிய புளூம் வேறொரு பாதையைக் காட்டியது. திரையைத் தொட்ட இடத்திற்கேற்ப ஒரு சுரம் ஒலித்து, திரும்பத் திரும்ப எழுந்து மெல்லத் தேயும். பயனர் தொடாமல் இருந்தால் செயலி தானே இசையமைக்கும். ஒக்கரினா பழைய கருவி ஒன்றைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது. புளூமிற்கு அத்தகைய முன்மாதிரிக் கருவி எதுவும் இல்லை.

விரலுக்கும் ஒலிக்கும் இடையே

தொடுதிரை இசையில் மிக முக்கியமான அளவு தாமதம். விரல் திரையில் பட்ட கணத்திற்கும் ஒலி செவியை எட்டும் கணத்திற்கும் இடையிலான நேரமே அது. கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை, சிறு தொகுதிகளாகச் சேர்த்தே அனுப்புகிறது. நொடிக்கு 44,100 ஒலிக்கூறுகள் கொண்ட பதிவில், 256 கூறுகள் கொண்ட ஒரு தொகுதி நிறைய ஏறத்தாழ 5.8 மில்லிநொடி ஆகும். தொகுதி பெரிதானால் தாமதம் கூடும். மிகச் சிறிதானால் செயலகம் ஈடுகொடுக்க இயலாமல் ஒலியில் வெடிப்பும் இடைவெளியும் விழும்.

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே 10 மில்லிநொடித் தாமதம், கருவி 3.4 மீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம். மேடையில் இது இயல்பான தொலைவே. 200 மில்லிநொடி என்றால் கருவி 68 மீட்டர் தள்ளி இருப்பதற்கு ஒப்பாகும். நிமிடத்துக்கு 120 அட்சரம் என்ற வேகத்தில் ஓர் அட்சரத்தை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதிக்கும் 125 மில்லிநொடிதான் கிடைக்கும். தாமதம் அதைத் தாண்டினால், ஒரு சொல்லைத் தட்டியவர் அதைக் கேட்பதற்குள் அடுத்த சொல்லைத் தட்ட வேண்டிய நேரம் வந்துவிடும். பதிவுசெய்த தடத்தை முன்னகர்த்தி இக்குறையைச் சரிசெய்யலாம். நேரில் வாசிப்பவருக்கு அந்த வழி இல்லை.

வன்பொருளையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் வடிவமைத்ததாலும், மேக் கணினிகளுக்காக உருவான ஒலி அமைப்பைக் கைபேசிக்கும் கொண்டுவந்ததாலும் ஐபோனில் தாமதம் தொடக்கத்திலேயே குறைவாக இருந்தது. ஆண்ட்ராய்டு பல நிறுவனங்களின் பலவகைக் கருவிகளில் இயங்க வேண்டியிருந்தது. ஒலி பல மென்பொருள் அடுக்குகளைக் கடந்து சென்றதால், தொடக்கக் காலக் கருவிகள் பலவற்றில் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டியது. இதனால் தேர்ந்த இசைச்செயலிகள் பல ஐபோனுக்கும் ஐபேடுக்கும் மட்டுமே எழுதப்பட்டன.

2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1 பதிப்பில் விரைவு ஒலிப்பாதை ஒன்று சேர்க்கப்பட்டது. 2015-இல் 6.0 பதிப்பு மிடி வசதியைத் தந்தது. 2017-இல் 8.0 பதிப்பு ஏ-ஆடியோ என்னும் புதிய ஒலி இடைமுகத்தைக் கொண்டுவந்தது. ஒலி உள்ளே சென்று வெளியே வர மிகக் குறைந்த நேரமே ஆகும் கருவிகளைத் தொழில்முறை ஒலித்தகுதி உடையவையாக ஆண்ட்ராய்டு வகைப்படுத்துகிறது. விலை மலிந்த கைபேசிகள் பல இத்தகுதியை எட்டுவதில்லை. இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி என்பதால், இந்தத் தொழில்நுட்ப வேறுபாடு யார் எந்தக் கருவியில் இசை கற்க முடியும் என்பதையும் தீர்மானித்தது.

ஐபேடும் பாடற்பதிவும்

2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஐபேடின் பெரிய திரையில் இரு கைகளாலும் வாசிக்க முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் கொரில்லாஸ் இசைக்குழுவின் டேமன் ஆல்பர்ன், வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது பெரும்பாலும் ஐபேடைக் கொண்டே ‘தி ஃபால்’ என்னும் தொகுப்பை உருவாக்கினார். வேறு சில கருவிகளும் குரல்களும் அதில் உண்டு. இசைக்குழுவின் ரசிகர் மன்றத்தினருக்கு அது 2010 டிசம்பர் 25 அன்று இலவசமாக வெளியிடப்பட்டது.

2011 மார்ச்சில் ஐபேடுக்கான காரேஜ்பேண்ட் 4.99 டாலர் விலையில் வெளியானது. அதில் எட்டுத் தடங்கள் இருந்தன. 1979-இல் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ, ஒலிநாடாவில் நான்கு தடங்களைப் பதிந்து வீட்டுப் பதிவுக்கு வழிதிறந்தது. காரேஜ்பேண்ட் அந்த மரபைத் தொடர்ந்தது. திரையில் வரைந்த விசையை எவ்வளவு அழுத்தித் தட்டினாலும் கண்ணாடிக்கு வேறுபாடு தெரியாது. அக்குறையைப் போக்க, தட்டும்போது கருவி அதிரும் அளவை அசைவு உணரியால் அளந்து ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இச்செயலி முயன்றது. 2017 முதல் ஆப்பிள் கருவி வைத்திருக்கும் அனைவருக்கும் இது இலவசமானது.

அமெரிக்க இசைக்கலைஞர் ஸ்டீவ் லேசி, சிறு இணைப்பான் ஒன்றின் வழியே கிட்டாரை ஐபோனில் பொருத்தி, காரேஜ்பேண்டில் பாடல்களை உருவாக்கினார். கென்ட்ரிக் லமாரின் 2017-ஆம் ஆண்டு ‘டேம்’ தொகுப்பில் உள்ள ‘பிரைட்’ பாடலின் உருவாக்கத்தில் அவருடைய ஐபோன் இசைக்குப் பங்குண்டு. அத்தொகுப்பு 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது.

செயலிகளை இணைத்தல்

ஐபோனில் ஒரு செயலி மற்றொன்றின் எல்லைக்குள் நுழைய முடியாது. பாதுகாப்புக்கு ஏற்ற இவ்விதி இசைக்குத் தடையாயிற்று. ஒரு செயலியின் ஒலியை மற்றொரு செயலியில் பதிவுசெய்ய முடியவில்லை. 2012 டிசம்பரில் வெளியான ஆடியோபஸ் இதற்கு வழி கண்டது. அதன்பின் ஆப்பிளே 2013-இல் செயலிகளுக்கிடையே ஒலியை அனுப்பும் வசதி ஒன்றையும், 2015-இல் ஒரு செயலியை மற்றொன்றின் உள்ளே திறந்து வாசிக்கும் முறையையும் தந்தது. 2016-இல் வந்த ஏபிள்டன் லிங்க், ஒரே வைஃபை வலையில் உள்ள பல கருவிகளைத் தாளம் பிசகாமல் ஓடச் செய்தது.

கமகமும் கண்ணாடியும்

கர்நாடக இசையில் சுரம் அசையாத புள்ளி அன்று. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைத்தும் செல்லும் கமகமே இராகத்தின் உயிர். வீணையில் தந்தியை இழுத்தும் வயலினில் விரலை நகர்த்தியும் இதைச் செய்யலாம். தனித்தனி விசைகள் கொண்ட கீபோர்டில் இது எளிதன்று.

கண்ணாடித் திரையில் விசைகளுக்கு இடையே சுவர் இல்லை. விரல் எங்கும் வழுக்கிச் செல்லலாம். இப்பண்பைப் பயன்படுத்திய செயலிகளுள் ஜியோஷ்ரெட் குறிப்பிடத்தக்கது. கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடெஸ் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றார். அதிரும் தந்தியின் இயக்கத்தைக் கணக்கிட்டு இது ஒலி எழுப்புகிறது. வழுக்கும் விரல் நிற்கும்போது அண்மைச் சுரத்தில் ஒலியைச் சேர்க்கும் வசதியும் இதில் உண்டு. கர்நாடக இசைக்கலைஞர் மகேஷ் ராகவன் ஐபேடில் இச்செயலியைக் கொண்டு கமகங்களுடன் வாசித்துப் பரவலாக அறியப்பட்டார்.

இதற்கு வரம்பும் உண்டு. வீணையின் மெட்டும் தந்தியும் விரலுக்கு இடத்தை உணர்த்தும். கண்ணாடி எதையும் உணர்த்தாது. வாசிப்பவர் கண்ணைத் திரையிலிருந்து எடுப்பது கடினம். பெரும்பாலான மாணவர்களுக்குக் கைபேசி இன்றும் வாசிக்கும் கருவியைவிடத் தம்பூரா, சுருதிப்பெட்டி, தாளத்துணை ஆகியவற்றின் இடத்தை நிரப்பும் கருவியாகவே பயன்படுகிறது.

அழியும் கருவிகள்

மரத்தாலான வீணை பழுதடைந்தால் ஆசாரி செப்பனிடுவார். செயலியை அதன் ஆக்குநரைத் தவிர வேறொருவர் செப்பனிடுவது அரிது. 2017-இல் வெளியான ஐ.ஓ.எஸ். 11 பதிப்பு, பழைய 32 பிட் செயலிகளை இயக்குவதை நிறுத்தியது. ஆக்குநர்கள் திருத்தி எழுதாத செயலிகள், காசு கொடுத்து வாங்கியவர்களின் கைபேசியிலும் திறக்கவில்லை. அவற்றில் அரைகுறையாக இருந்த பாடல்களும் உள்ளேயே நின்றன. செயலிகளை இணைக்க 2013-இல் தரப்பட்ட வசதியையும் ஆப்பிள் 2019-இல் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தது. இதற்கு மாறாக, 2008-ஆம் ஆண்டின் கோர்க் டி.எஸ்-10 அட்டை பழைய நின்டெண்டோ கருவியில் இன்றும் இயங்கும்.

அருங்காட்சியகங்களும் இச்சிக்கலை எதிர்கொள்கின்றன. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2011-இல் வெளியிட்ட ‘பயோஃபிலியா’ ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு செயலி கொண்ட தொகுப்பு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2014-இல் அதைத் தன் நிலையான சேகரிப்பில் சேர்த்தது. அங்கு இடம்பெற்ற முதல் செயலி இதுவே. ஓவியத்தைப் போல இதைச் சுவரில் மாட்டிவைத்தால் போதாது. அது இயங்குவதற்கான கருவியையும் இயங்குதளத்தையும் சேர்த்தே காக்க வேண்டும்.

எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதல்லாத பொதுத்தரங்களே இதுவரை நிலைத்துள்ளன. கருவிகள் சுரக்குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ள 1983-இல் வகுக்கப்பட்ட மிடி அவற்றுள் முதன்மையானது. ஐ.ஓ.எஸ். 4.2 பதிப்பு 2010-இல் அதை ஏற்றதால், 1980-களின் சிந்தசைசர் ஒன்றும் இன்றைய ஐபேடும் தக்க இணைப்பான் வழியே ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். செயலியில் ஆக்கிய இசையை மிடி கோப்பாகவும், ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாகவும் வெளியே எடுத்துவைப்பவர்களுக்குச் செயலி மறைந்தாலும் பாடல் எஞ்சும். அவற்றை வேறொரு செயலியிலோ கணினியிலோ திறந்து பணியைத் தொடரலாம். ஆனால் அந்தச் செயலிக்கே உரிய ஒலியும், அதில் பழகிய விரல்களின் பயிற்சியும் அக்கோப்புகளில் அடங்குவதில்லை.