ஒரு காணி, மூன்று மாளிகைகள்

எங்கட ஊரில் காணிச் சண்டை என்றால் எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதில் தொடங்கும். பிறகு கோடு, கச்சேரி என்று அலைந்து, பேரன் காலத்திலும் தீராமல் கிடக்கும். பேர்லின் நகரத்தின் நடுமத்தியிலும் அப்படியொரு காணி இருக்கிறது. 475 வருடமாக அங்கே அரச பரம்பரை இருந்தது. பிறகு கம்யூனிஸ்டுகள் வந்து அரண்மனையை உடைத்தார்கள், தங்கட மாளிகையைக் கட்டினார்கள். பிறகு ஒன்றுபட்ட ஜேர்மனி வந்து அந்த மாளிகையை உடைத்து, உடைபட்ட அரண்மனையைத் திரும்பவும் கட்டியது! அரசியல் கொள்கைக்கும் கல்லுக்கும் சீமெந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இந்தக் காணியின் கதையைக் கேட்டாலே போதும்.

எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் வந்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்களில் கனபேர் வந்த வழிதான் நானும் வந்தது. கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பேர்லின் சூனபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து றெயினில் பிறீட்றிக் வீதி ஸ்ரேசன். அங்கே ஏறி மறுகரையில் இறங்கினால் மேற்கு பேர்லின், தஞ்சம். (1986 ஒக்டோபரில் அந்த வழியை அடைத்துப் போட்டார்கள்.) 1985 மாரியில் அந்த றெயின் கண்ணாடிக்குள்ளால் தொலைக்காட்சிக் கோபுரம் தெரிந்தது. அதற்கு அங்காலே செப்பு நிறக் கண்ணாடி போட்ட பெரிய பெட்டி மாதிரி ஒரு கட்டிடம் மினுங்கியது. பக்கத்தில் இருந்த அண்ணர், “உதென்ன, பெரிய ஹொட்டேலோ?” என்று கேட்டார். பசியில் இருந்த எங்களுக்கு அப்படித்தான் பட்டது. அது ஹொட்டேல் இல்லை, ‘குடியரசு மாளிகை’ என்பது எனக்குத் தெரியவரக் கன வருடம் சென்றது.

முதலில் அரண்மனையைப் பார்ப்போம். 1443இல் பிரண்டன்பேர்க் இளவரசர் இரண்டாம் பிறீட்றிக் இந்த இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார். நகர மக்களுக்கு அது துண்டறப் பிடிக்கவில்லை. தங்கட சுதந்திரத்தை அடக்கத்தான் இந்தக் கோட்டை என்று விளங்கி, 1448இல் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி அத்திவாரத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். ஆகவே இந்தக் காணியில் அரசியல் சண்டை முதல் அத்திவாரத்தோடேயே தொடங்கிவிட்டது. 1700ஆம் ஆண்டளவில் அந்திரேயாஸ் சுலூற்றர் என்ற சிற்பியும் கட்டிடக் கலைஞருமானவர் அதைப் பெரிய அரண்மனையாக மாற்றினார். 1918 நவம்பரில் கெய்சர் நாட்டை விட்டு ஓட, அது வெற்று மாளிகையானது.

1945 பெப்ரவரி 3ஆம் திகதி விமானக் குண்டுவீச்சில் அரண்மனை எரிந்தது. எரிந்ததே தவிர இடிந்து கொட்டுண்டு போகவில்லை. வெளிச்சுவர்கள் நின்றன. 1946இல் அதன் ஒரு மண்டபத்தில், நகரத்தை எப்படித் திரும்பக் கட்டலாம் என்று கண்காட்சியே வைத்தார்கள். திருத்த முடியாத கட்டிடமில்லை என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

1950 யூலையில் வால்ற்றர் உல்பிறிக்ற் தன் கட்சி மாநாட்டில், அந்த இடம் பெரிய ஊர்வல மைதானமாக வேண்டும் என்று அறிவித்தார். அவர்களுக்கு அரண்மனை என்றால் பிரஷ்ய இராணுவவெறி, ஜமீன்தாரி ஆட்சி, இரண்டு உலகப்போர். றிச்சார்ட் ஹாமன் போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் வேண்டாம் என்று மன்றாடினார்கள். கேட்க ஆளில்லை. செப்ரெம்பரில் வெடி வைக்கத் தொடங்கி, வருடம் முடிய முதல் முடித்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு வாசலை மட்டும் உடைக்கவில்லை. 1918 நவம்பர் 9ஆம் திகதி கார்ல் லீப்னெக்ற் நின்று சோசலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார் என்று சொல்லப்படும் நான்காம் வாசல் அது. அதன் பாகங்களைக் கழற்றி வைத்து, 1960களில் கட்டிய அரசுச் சபைக் கட்டிடத்தின் முகப்பில் பொருத்தினார்கள். அரசர்கள் கட்டிய மாடம்தான். ஆனாலும் தங்கட ஆள் ஏறி நின்றபடியால் அது புனிதமாகிவிட்டது! எந்தக் கொள்கைக்காரரும் பழசு எல்லாவற்றையும் வெறுப்பதில்லை. தங்கட கதைக்குத் தேவையான பழசைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள்.

வெறும் மைதானமாகக் கிடந்த இடத்தில் 1973இல் வேலை தொடங்கி, 1976 ஏப்ரலில் குடியரசு மாளிகையைத் திறந்தார்கள். பாராளுமன்றம் அதற்குள்ளே. அதைவிட ஏறக்குறைய 5000 பேர் இருக்கக்கூடிய பெரிய மண்டபம், சாப்பாட்டுக் கடைகள், பந்து உருட்டும் இடம், நாடக மேடை. உள்ளே ஏராளமான விளக்குகள் தொங்கியதால், தலைவர் எறிக் ஹொனெக்கரின் பெயரை வைத்து ‘எறிக்கின்ர விளக்குக் கடை’ என்று சனம் பகிடி பண்ணியது. பகிடி பண்ணினாலும் போனார்கள். நடனமாடப் போனார்கள், கலியாண விருந்துக்குப் போனார்கள். ஆட்சியை வெறுத்தவர்களுக்கும் அந்த மாளிகையில் ஒரு நல்ல பின்னேரத்தின் ஞாபகம் இருந்தது. இதைத்தான் பிறகு இடிக்க வந்தவர்கள் விளங்கிக்கொள்ளவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இடதுசாரி என்றால் இடிப்பார்கள், வலதுசாரி என்றால் காப்பாற்றுவார்கள் என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். சுவருக்கு மறுபக்கத்தில், மேற்கு பேர்லினில் கதை நேர்மாறு. 1963இல் வில்லி பிராண்ட் மேயராக இருந்த காலத்தில் சமூக ஜனநாயகக் கட்சி நகர ‘புனரமைப்பு’த் திட்டம் கொண்டுவந்தது. குரொய்ஸ்பேர்க் போன்ற தொழிலாளர் பகுதிகளில் பழைய ஐந்து மாடி வீடுகளை வரிசை வரிசையாக உடைத்துப் புதிய தொடர்மாடி கட்டுவது, ஊடே மோட்டார் பெருந்தெரு விடுவது என்பதுதான் திட்டம். கெட்ட நோக்கமில்லை. இருட்டு முற்றம், நிலக்கரி அடுப்பு, படிக்கட்டில் பொதுக் கக்கூஸ் என்று அந்த வீடுகள் வறுமையின் சின்னம், அதை ஒழிப்பதுதான் முன்னேற்றம் என்று உண்மையாகவே நம்பினார்கள். நான் முதலில் இருந்த அறையும் அப்படியான வீட்டில்தான். பனிக்காலத்தில் அரைப்படி இறங்கிக் கக்கூசுக்குப் போன அனுபவம் உள்ள எனக்கு அவர்கள் நினைத்ததும் விளங்குகிறது!

ஆனால் நடந்தது வேறு. உடைக்கப்போகிற வீடென்று ஒருவரும் திருத்தவில்லை. துருக்கித் தொழிலாளரைக் கொஞ்சக் காலத்துக்குக் குடியிருத்திவிட்டு, பிறகு வெறுமையாக்கிப் போட்டார்கள். வீடில்லாமல் ஆயிரக்கணக்கானோர் அலைய, நல்ல வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1980, 81இல் இளம் இடதுசாரிகள் பூட்டை உடைத்துக் குடிபுகுந்து, தாங்களே கூரை திருத்தினார்கள். 81 கோடையில் பிடிக்கப்பட்ட வீடுகள் நூற்றைம்பதைத் தாண்டின. செப்ரெம்பர் 22ஆம் திகதி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி நகர அரசு எட்டு வீடுகளைப் பொலிசை விட்டுக் காலி செய்தபோது, 18 வயது இளைஞன் ஒருவன் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தான். அதே கட்சியின் ஆட்சிக்காலத்தில்தான், 1983இல், ‘கவனமான நகரப் புதுப்பித்தல்’ என்ற 12 கோட்பாடுகளையும் பேர்லின் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. குடியிருப்பவர்களோடு கதைத்துத் திட்டமிடு, கூடியவரை உடைக்காதே, படிப்படியாகத் திருத்து என்பதுதான் சாரம். இதற்கு முன்நின்றவர் ஹார்ட் வால்ற்றர் ஹேமர் என்ற கட்டிடக் கலைஞர். ஆக, முன்னேற்றம் பேசியவர்கள் இடித்தார்கள், புரட்சி பேசியவர்கள் பழசைக் காப்பாற்றினார்கள், பழமைபேணும் கட்சி இரண்டுக்கும் நடுவில் நின்றது.

கிழக்கிலும் காற்று மாறியது. அரண்மனையை உடைத்த அதே அரசு, 1980இல் பிரஷ்ய அரசர் மகா பிறீட்றிக்கின் குதிரைச் சிலையை ‘உன்ரர் டென் லின்டன்’ வீதிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. நகரத்தின் 750ஆவது ஆண்டுக்காக, 1987இல் நிக்கொலாய் குறிச்சியைப் பழைய பாணியில் புதிதாகக் கட்டியது. ஆட்சிக்கு வயது போகப்போகத் தானும் பழமை தேடத் தொடங்கியது.

1990 ஓகஸ்ட் 23ஆம் திகதி, குடியரசு மாளிகைக்குள் கூடிய பாராளுமன்றம் மேற்கோடு இணைய வாக்களித்தது. ஒரு மாதம் செல்ல முதல், அஸ்பெஸ்ரஸ் நஞ்சு என்று மாளிகை பூட்டப்பட்டது. நஞ்சு உண்மைதான், பொய்யில்லை. ஆனால் 1979இல் திறந்த மேற்கு பேர்லினின் பெரிய மாநாட்டு மண்டபத்திலும் அதே அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அது இடிக்கப்படவில்லை, 2019இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகவும் ஆனது. கிழக்கர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது மறுமொழி சொல்வது கஷ்டம்.

1993இல் ஒரு வர்த்தகரின் முயற்சியில், பழைய அரண்மனையின் முகப்பைத் துணியில் தீட்டி அதே இடத்தில் கட்டிவிட்டார்கள். சனம் வாய் பிளந்து பார்த்தது. சீலையில் வந்த அரண்மனை கல்லில் வரவேண்டும் என்ற ஆசை அங்கே வளர்ந்தது. 2002 யூலையில் ஜேர்மன் பாராளுமன்றம் 384க்கு 133 என்று பழைய முகப்புக்கே வாக்களித்தது. எதிர்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 2005இல் நோர்வேயில் பிறந்த ஒரு கலைஞர் மாளிகையின் கூரையில் ‘சந்தேகம்’ என்ற ஜேர்மன் சொல்லைப் பெரும் எழுத்துகளில் நிறுத்தினார். 2006 தொடக்கம் 2008 வரை மாளிகையைக் கழற்றி எடுத்தார்கள். 1950இல் ஒரு வருடம்கூடச் செல்லவில்லை. இந்த முறை மூன்று வருடம்.

இத்தாலியர் பிராங்கோ ஸ்ரெல்லாவின் வரைபடத்தில் 2013இல் அடிக்கல் வைத்து, 2021 யூலையில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மூன்று பக்கம் சுலூற்றரின் முகப்பு, ஆற்றுப் பக்கம் மொட்டைச் சுவர். செலவு 68 கோடி யூரோ அளவில். அலங்காரத்துக்கு 10 கோடிக்கு மேல் தனியார் நன்கொடை. கொடுத்தவர்களில் சிலர் தீவிர வலதுசாரிகள் என்று பிறகு பெரிய பிரச்சினை கிளம்பியது. குவிமாடத்தில் 2020இல் ஏற்றிய சிலுவைக்கும், எல்லோரும் இயேசுவின் பெயருக்கு முழந்தாளிட வேண்டும் என்ற கருத்தில் அரசர் நான்காம் பிறீட்றிக் வில்லெம் எழுதுவித்த வாசகத்துக்கும்கூட இன்னும் சண்டை. உள்ளே இருப்பதோ ஆபிரிக்கா, ஆசியா, பசிபிக் தீவுகளிலிருந்து வந்த அருங்காட்சியகப் பொருட்கள்!

யாழ் நூலகம் 1981இல் எரிந்த பிறகு, எரிந்த சுவரை அப்படியே நினைவாக விடுவதா, வெள்ளையடித்துத் திருத்துவதா என்று எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் சிலருக்கு ஞாபகமிருக்கும். மேற்கு பேர்லினும் கெய்சர் வில்லெம் தேவாலயத்துக்கு அதே கேள்வியைக் கேட்டது. கட்டிடக் கலைஞர் உடைக்கக் கேட்டார், சனம் எதிர்த்து நின்று குண்டுபட்ட கோபுரத்தைக் காப்பாற்றியது. அரண்மனைக் காணியில் மட்டும் ஒருவரும் காயத்தைக் காயமாக விடவில்லை.

2024இல் புதிய அரண்மனைக்குள்ளேயே, உடைத்த குடியரசு மாளிகையைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். நானும் மகளும் போனோம். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், தன் கலியாணச் சாப்பாடு இந்த இடத்தில்தான் நடந்தது என்று மகளுக்குச் சொன்னார். எந்தப் பக்கத்து மண்டபம் என்று காட்டக் கையைத் தூக்கினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திசை பிடிபடாமல் கையைக் கீழே போட்டார்.