தலக்காட்டு மணலும் நம்ம ஊர் மேடும்

மைசூரில் 3 வருடம் வங்கி வேலையில் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், அதன் பிறகு தலக்காடு என்று ஒரு சுற்று உண்டு. இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். இங்கிருந்து லீவில் போகும் நண்பர்கள் "மைசூரில் என்ன சார் பார்க்கலாம்?" என்று கேட்டால், அரண்மனையை விட்டாலும் தலக்காட்டை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

மைசூரிலிருந்து சுமார் 45 கி.மீ. காவிரி அங்கே சட்டென்று வளைந்து போகிறது. கரையில் கடற்கரை போல மணல்மேடுகள். அந்த மணலில் நடந்து, பள்ளத்தில் படிக்கட்டு இறங்கினால் கோயில் நிற்கும்! பாதாளேஸ்வரர், மரளேஸ்வரர் எல்லாம் அப்படிக் குழிக்குள் இருப்பவர்கள்தான்.

இந்த ஊர் நமக்கு அந்நியம் இல்லை. மேலைக் கங்கர்களின் தலைநகரமாக இருந்ததை ராஜராஜன் காலத்தில், 1004 வாக்கில், சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். 1116-ல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழர்களை விரட்டிவிட்டு, வெற்றிக்கு அடையாளமாகக் கீர்த்தி நாராயணர் கோயிலைக் கட்டினான். தலக்காட்டில் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு.

ஊர் ஏன் மணலில் மூழ்கியது? மைசூரில் யாரைக் கேட்டாலும் அலமேலம்மா சாபம் என்பார்கள். 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த பிறகு, அந்த அம்மாளிடம் இருந்த நகைகளைக் கேட்டு ஆள் அனுப்ப, அவர் சாபமிட்டுவிட்டுக் காவிரியில் குதித்தார் என்பது கதை. ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணம் வேறு. 14-ம் நூற்றாண்டில் பக்கத்திலேயே காவிரியில் ஓர் அணை கட்டினார்கள். தண்ணீர் குறைந்து ஆற்றுப் படுகையின் மணல் வெளியே தெரிய, தென்மேற்குக் காற்று அதை வாரி ஊர் மேல் போட்டது. ஒரே நாளில் இல்லை, தலைமுறை தலைமுறையாக.

கதை எதுவானாலும், நான் கவனித்த விஷயம் இதுதான். ஊரை அழித்தது என்று நாம் திட்டுகிற மணல்தான் கோயில்களைக் காப்பாற்றியும் வைத்தது. மூடிக் கிடந்த சுவரில் வெயில் படவில்லை, மரம் முளைக்கவில்லை, கல்லைப் பெயர்த்து வீடு கட்ட யாருக்கும் கை எட்டவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் லாக்கர்.

சரி, இப்படி மூடிக் கிடப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் காகிதம். கல்வெட்டு, பழைய ஆவணம், ஊர்ப் பெயர். மைசூர் ஜில்லாக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1894-லேயே தொகுத்து அச்சிட ஆரம்பித்துவிட்டார். அடுத்தது நடை. ஆற்றங்கரையோரம் நடந்து, உழுத வயலில் மேலே வந்து கிடக்கும் பானை ஓட்டைப் பார்ப்பது, சுற்றிலும் செம்மண் இருக்க நடுவில் ஓரிடம் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால் குறித்துக்கொள்வது. தலக்காடு போகும் வழியிலேயே திருமகூடலு நரசிபுரம் இருக்கிறது, காவிரியும் கபினியும் கூடும் இடம். அங்கே 1959-லிருந்து மைசூர் பல்கலைக்கழகத்தின் சேஷாத்திரி தோண்டி, கங்கர்களுக்கெல்லாம் ரொம்ப முந்தைய புதிய கற்கால மக்களின் தடயங்களை எடுத்தார்.

கீழடியும் நடையில் வந்ததுதான். 2013-14-ல் வைகைக் கரை நெடுக ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்றுதான் கீழடி. அதைச் செய்தது மத்தியத் தொல்லியல் துறையின் பெங்களூர் அகழாய்வுப் பிரிவு! இப்போது சாட்டிலைட் படம், டிரோன், பூமிக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் கடைசியில் குழி போட்டுப் பார்த்தால்தான் நிச்சயம்.

மண்ணுக்குள் எல்லாமே பிழைப்பதில்லை. சுட்ட பானையும் கல்லும் நிற்கும். இரும்பு துருப்பிடிக்கும். அமிலத்தன்மை உள்ள மண்ணில் எலும்பு கரைந்துவிடும். துணி, ஓலை, மரம் மக்கிப் போகும். காற்று புகாத இடமானால் மட்டும் அதிசயம் நடக்கும். கேரளாவில் பட்டணத்தில் நீர் ஊறிய சேற்றுக்குள் சுமார் 6 மீட்டர் நீள மரத் தோணி கிடைத்தது. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். கரிந்த தானியமும் மக்காது.

இதைவிட முக்கியம், பொருள் கிடந்த இடம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்ற கணக்கைக் கொடுத்தது. எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு இருந்தது என்று எழுதி வைத்ததால்தான் அந்தக் கரிக்கு மதிப்பு. ஜேசிபி ஒருமுறை புரட்டிவிட்டால் அது வெறும் அடுப்புக்கரி. தேதியும் கணக்கு எண்ணும் இல்லாத வவுச்சரை வைத்து ஒரு ஆடிட்டர் என்ன செய்வார்?

நாங்கள் இருக்கும் ஓமனிலேயே ஓர் உதாரணம். சலாலா பக்கம் கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில் இத்தாலியக் குழு 2006-ல் ஓர் ஓட்டுச் சில்லை எடுத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் கீரன் என்று முடியும் ஒரு பெயர். சுமார் 2000 வருடத்துக்கு முன் நம்மாள் ஒருவர் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறார் அல்லது அவர் பானையாவது வந்திருக்கிறது. இதே சில்லை யாராவது டூரிஸ்ட் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால், கோர் ரோரியில் கிடைத்தது என்று எதை வைத்துச் சொல்வது?

இப்போது நம்ம ஊர். கரூர் பக்கம், அமராவதிக் கரையில் எங்களுக்குக் கொஞ்சம் காடு இருக்கிறது. அதில் ஒரு மூலை மேடாக இருக்கும். மழை பெய்தால் கறுப்பு-சிவப்பு ஓடு மேலே வரும். போன மாதம் சித்தப்பா போன் பண்ணினார்.

"தம்பி, சூளைக்காரர் மேட்டு மண்ணுக்கு வெலை கேக்கறாருப்பா. காடும் மட்டமாயிரும், காசும் வரும். என்ன சொல்றே?"

"வேண்டாம் சித்தப்பா. அந்த ஓட்டையெல்லாம் ஒருத்தர் வந்து பார்க்கட்டும், அதுவரைக்கும் தொட வேண்டாம்."

"ஏப்பா, கெவர்மெண்டுக்குச் சொன்னா நெலத்தையே எடுத்துக்கிட்டா என்ன பண்றது?"

நியாயமான பயம். அவர்தான் அங்கே வெயிலில் நிற்கிறார், நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வரலாறு பேசுகிறேன். கீழடியில் ஆரம்பத்தில் தோண்டியதே தனியார் தென்னந்தோப்பில்தான், உரிமையாளர் சம்மதத்தோடு, வேலை முடிந்ததும் குழிகளை மூடிக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். மண் காசில் அவருக்கு வர வேண்டிய பங்கை நான் அனுப்பிவிட்டேன். மேடு இன்னும் இருக்கிறது. ஓடுகளின் போட்டோக்களை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வர வேண்டும்.

நம்மில் நிறையப் பேருக்கு ஊரில் இப்படி நிலம் இருக்கும், போனிலேயே முடிவு சொல்கிறோம். நத்தமேடு, திடல், தாழிக்காடு என்று பெயர் இருந்தால் மண் எடுக்கச் சம்மதிக்கும் முன் ஒரு நாள் யோசியுங்கள். ஓடு கிடந்தால் கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். காசோ நகையோ கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878-ம் வருடப் புதையல் சட்டத்தில் அதற்கான வரம்பு வெறும் 10 ரூபாய்!

தலக்காடு போனால் பிள்ளைகள் மணலில் ஆசை தீர விளையாடட்டும். ஓடு ஏதாவது கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் இப்படி மேடு ஏதாவது இருக்கிறதா? அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? எழுதுங்களேன்.