வாரண்ட் இல்லா வீட்டுச் சோதனை

வாரண்ட் இல்லா வீட்டுச் சோதனை என்பது, குற்றவியல் நடுவரின் எழுத்துவழி ஆணையைப் பெறாமல், அவசரம் கருதிக் காவல்துறையினர் ஒரு குடியிருப்பினுள் நுழைந்து ஆளையோ பொருளையோ தேடுவதைக் குறிக்கும். இந்தியச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. ஆயினும் நடுவரின் முன் ஆணை இல்லாத குறையை அதிகாரி எழுதிவைக்கும் காரணங்களே ஈடுசெய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. கேரளத்தில் காவலரின் வீட்டு வருகைக்கான வரம்பை அண்மையில் தெளிவாக்கியது, கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படியில் எழுந்து 2025-இல் முடிவான வழக்காகும்.

சட்ட அடிப்படை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆம் பிரிவு, 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவுக்கு மாற்றாக வந்தது. புலனாய்வுக்குத் தேவையான ஒரு பொருள் குறிப்பிட்ட இடத்தில் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, உரிய காலத்தில் அதை வேறு வழியில் பெற முடியாது என்ற நிலையும் இருந்தால், காவல் நிலையப் பொறுப்பதிகாரியோ புலனாய்வு அதிகாரியோ வாரண்ட் இன்றியே சோதனையிடலாம். ஆனால் நம்பிக்கைக்கான காரணத்தையும் தேடப்படும் பொருளையும் அவர் முதலில் வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். அப்பதிவின் நகல் 48 மணி நேரத்திற்குள் நடுவரிடம் சேர வேண்டும். சோதனை ஒலி, ஒளி வடிவில் பதிவாக வேண்டும். கைது செய்யப்பட வேண்டியவர் ஒரு வீட்டினுள் இருப்பதாக நம்பக் காரணம் இருப்பின், அவ்வீட்டினுள் நுழையும் அதிகாரத்தை 44-ஆம் பிரிவு தனியே வழங்குகிறது.

சோதனை நடக்கும் முறையை 103-ஆம் பிரிவு வகுக்கிறது. அப்பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய இருவரேனும் சாட்சிகளாக உடனிருக்க, எடுக்கப்பட்ட பொருள்களையும் அவை கிடைத்த இடங்களையும் குறிக்கும் பட்டியல், அதாவது மகஜர், தயாரிக்கப்பட்டுச் சாட்சிகளின் கையொப்பம் பெற வேண்டும். வீட்டில் வசிப்பவர் சோதனையின்போது உடனிருக்கவும் மகஜரின் நகலைப் பெறவும் உரிமையுடையவர். பெண்ணைச் சோதனையிட வேண்டியிருப்பின், கண்ணியம் காத்து இன்னொரு பெண்ணே அதைச் செய்ய வேண்டும்.

தோப்பும்படி வழக்கு

கண்காணிக்கப்பட வேண்டியவர்களுக்காகக் காவல்துறை பேணும் சரித்திரப் பதிவேட்டில் பெயர் இடம்பெற்ற ஒருவர் வீட்டில் இருக்கிறாரா எனச் சரிபார்ப்பதற்காக, 2025 ஏப்ரலில் தோப்பும்படிக் காவலர்கள் நள்ளிரவுக்குப் பின் அவரது கதவைத் தட்டித் திறக்கச் சொன்னார்கள். அவர் மறுத்ததோடு மிரட்டினார் என்று கூறி, காவலர் கடமையைத் தடுப்பதைக் குற்றமாக்கும் கேரளக் காவல் சட்டம் 2011-இன் 117(உ) பிரிவில் வழக்குப் பதிந்தார்கள். எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஜி. அருண் இவ்வழக்கை 2025 ஜூனில் ரத்து செய்தார். கண்காணிப்பின் பெயரால் அகாலத்தில் கதவைத் தட்டுவதும் உள்ளே நுழைவதும் காவலரின் சட்டபூர்வக் கடமையாகா என்றும், கேரளக் காவல் கையேடு அத்தகையோரை முறைசாரா வகையில் கவனிக்க மட்டுமே இடம் தருகிறது என்றும் அவர் தீர்ப்பளித்தார். தகாத சொற்கள் பேசப்பட்டிருந்தால் அது வேறு குற்றமாகலாமே தவிர, சட்டபூர்வக் கடமையைத் தடுத்த குற்றமாகாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்புக்குப் பின்னே நெடிய மரபு உண்டு. உத்தரப்பிரதேசக் காவல் விதிகள் அனுமதித்திருந்த இரவுநேர வீட்டு வருகையை 1962-இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அன்று அது ஏற்க மறுத்த அந்தரங்க உரிமையை, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அடிப்படை உரிமையாக அறிவித்தது.

நெருக்கடிநிலைக் காலம்

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த தேசிய நெருக்கடிநிலையில் இப்பாதுகாப்புகள் பொருளிழந்தன. உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பைச் செயல்படுத்தக் கோரி நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரலில் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபோது, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டுமே மாறுபட்டார். அதே ஆண்டு மார்ச் 1 அன்று கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பிடிக்கப்பட்டுக் கக்கயம் காவல் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மாணவர் பி. ராஜன் திரும்பவே இல்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கே அக்கொடுமையை வெளிக்கொணர்ந்தது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின், நெருக்கடிநிலையிலும் 20, 21-ஆம் உறுப்புகளை நிறுத்திவைக்க முடியாது. இலங்கையிலோ, 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு வாரண்ட் இல்லா நுழைவுக்கும் சோதனைக்கும் வழிவகுத்தது. தமிழர் பகுதிகளில் சுற்றிவளைப்புத் தேடுதல்கள் உள்நாட்டுப் போர்க்காலத்தின் அன்றாட அனுபவமாயின.

மதிப்பீடு

முறைகேடான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு சான்று தள்ளுபடியாகாது என்று 1973-இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. முறை மீறலுக்குப் பின்னர்க் கிடைக்கும் பரிகாரம் இவ்வாறு குறுகியிருப்பதால், சோதனைக்கு முன் எழுதப்படும் காரணமும், சாட்சிகளும், மகஜருமே குடிமக்களின் மெய்யான அரண்களாகின்றன. உயிர் காக்கவோ, அழியவிருக்கும் தடயத்தை மீட்கவோ காவலர் விரைவது நியாயமே. காரணம் எழுதப்படாத அவசரத்திற்கு அந்த நியாயம் கிடையாது. ஆகவே வீட்டில் வசிப்பவர் பலத்தால் தடுக்காமல், வந்த அதிகாரி யார், எதைத் தேடுகிறார், எந்தப் பிரிவின்கீழ்த் தேடுகிறார் என்று கேட்பதும், மகஜர் நகலைக் கேட்டுப் பெறுவதும் தகும். அதிகாரி எழுதிய காரணப் பதிவின் நகலை நடுவரிடம் விண்ணப்பித்து இலவசமாகவே பெறலாம்.