குடும்பம் என்ற சொல்லும் வாடகை வழக்கும்

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நானும் இரு நண்பர்களும் ஓர் அறையில் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு வசித்தோம். உடன் இருப்பவர் யார் என்று வீட்டுக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. அமெரிக்காவின் நியூயார்க் நகரிலோ இக்கேள்வி உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது.

இரண்டாம் உலகப் போரின்போது அந்நகரில் வீடு கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே 1943 நவம்பரில், அவ்வாண்டு மார்ச்சு மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என அரசாங்கம் விதித்தது. போர் முடிந்தது, தட்டுப்பாடு முடியவில்லை. 1947-க்குப் பின் எழுந்த பெரிய கட்டடங்களும் 1969-இல் வேறொரு கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. ஒப்பந்தப்படி நடக்கும் குடித்தனக்காரரை எளிதில் வெளியேற்ற இயலாது; வாடகையை விரும்பியபடி உயர்த்தவும் இயலாது. வீட்டுக்காரர்கள் ஒப்பந்தத்தைத் துருவலாயினர். 'குடியிருப்பவரும் அவர் நெருங்கிய குடும்பத்தாரும் மட்டுமே' என்ற வாசகம் அவர்கட்கு நல்ல கருவியாயிற்று.

மணம் செய்துகொள்ளாது ஓர் ஆடவருடன் வசித்த பெண்மணிமீது அவ்வாசகத்தைக் காட்டி வழக்குத் தொடுக்கப்பட்டது. மணநிலையைக் கொண்டு வேற்றுமை காட்டுதல் குற்றம் என்பது அவர் வாதம். உடன் வசிப்பவர் குடும்பத்தார் அல்லர், அவ்வளவே என்று 1983-இல் நீதிமன்றம் வீட்டுக்காரர் பக்கமே நின்றது. எத்தனை ஆயிரம் குடியிருப்போர் நடுங்கியிருப்பர்! அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றிற்று. தனியாய் ஒப்பந்தம் செய்தவர், குடும்பத்தாரோடு வேறொருவரையும் அவருடைய இளஞ்சிறாரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாமும் அங்கேயே வசிக்கவேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் 30 நாளுக்குள் அப்பெயரைச் சொல்லவேண்டும்.

குடியிருப்பவர் இறந்தால் உடனிருந்தவர் கதி என்ன? பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் இணைந்து வாழ்ந்த ஆடவர் இருவருள், வீட்டைத் தம் பெயரில் வைத்திருந்தவர் 1986-இல் காலமானார். மற்றவரை வெளியேறச் சொன்னார் வீட்டுக்காரர். 1989-இல் நீதிமன்றம், குடும்பம் என்பதை மணச்சான்றிதழால் மட்டும் அளத்தல் தகாது என்றது. எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தனர், பணத்திலும் அன்பிலும் எவ்வளவு பிணைந்திருந்தனர், உற்றார் அவர்களை எப்படிக் கருதினர் என்பனவே அளவுகோல்களாயின. அதனை நான் சிறந்த தீர்ப்பென்றே கருதுகிறேன்.

வீட்டுக்காரர் குறையும் முற்றிலும் பொய்யன்று. மலிந்த வாடகைக்கு வீட்டைப் பெற்றுச் சிலர் உடன் வசிப்போரிடம் கொள்ளை இலாபம் அடித்தனர். எனவே 2000-இல், 1969-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டின்கீழ் உள்ள வீடுகளில், உடன் வசிப்பவரிடம் அவர் பங்குக்கு மேல் வாங்கலாகாது என்ற விதி பிறந்தது. வாடகை 800 டாலர், வசிப்போர் இருவர் எனின், 400 டாலரே வாங்கலாம். அதை மீறியோர் சிலர் வீட்டையே இழந்தனர்.